மூக்கு நுனியில் இரண்டு கொப்புளம்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தோல் பிரிவுக்கு ஒரு விவசாயி வந்தார். அயர்லாந்தின் மேற்குப் பக்கத்து ஆள். எழுபது வயது இருக்கும், பத்துப் பன்னிரண்டு மாடு வைத்திருக்கிறார். வலது பக்க நெற்றியெல்லாம் கொப்புளம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் இந்த ஊர்க்காரர்கள் கை முறிந்து தொங்கினாலும் 'கிராண்ட்' என்றுதான் சொல்வார்கள். மதுரையில் அந்த வார்த்தையை மண்டபத்தில் நடக்கிற கல்யாணத்துக்குத்தான் சொல்வோம். அவரும் கிராண்ட் என்றார்.

உட்காரவைத்து விளக்கை இழுத்தேன். நெற்றியைப் பார்க்கவில்லை, முதலில் மூக்கு நுனியைப் பார்த்தேன். வலது ஓரத்தில் சின்னதாக இரண்டு கொப்புளம். அடுத்த நிமிஷம் கண் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டேன். கண்ணில் வலி இல்லையே, பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று விவசாயி சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை. சக்கர நாற்காலியில் ஏற்றி நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் பெரிய டாக்டரம்மா, மனுஷன் கோட்டைக் கழற்றுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாயே என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நன்றி சொல்லிவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

என் அக்கா ரீட்டாவுக்கு அதே இடத்தில் அதே கொப்புளம் வந்து இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம். அந்தக் கதையை இங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்காவது எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

2

உசிலம்பட்டிதான் எங்களுக்குச் சொந்த ஊர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். அக்காவை டீச்சராக்கினார், என்னை நர்ஸாக்கினார். அக்கா ஒத்தக்கடையில் வாக்கப்பட்டுப் போனாள், நான் அயர்லாந்துக்கு வந்தேன். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. அதில் பதினோரு வருஷம் தோல் பிரிவில்.

தோலைப் படிப்பதற்கு இங்கே படப் புத்தகம் கொடுப்பார்கள். அதில் இருந்த தோலெல்லாம் வெள்ளைத் தோல். ரோஜா நிறத் தடிப்பு, சால்மன் மீன் நிறத் திட்டு என்று எழுதியிருக்கும். சால்மன் மீனை நான் அதுவரை பார்த்ததே இல்லை. நாமெல்லாம் அயிரையும் விராலும் பார்த்து வளர்ந்தவர்கள். நம் தோலில் ஒன்று சிவந்தால் அது சிவப்பாகத் தெரியாது. கருநீலமாகத் தெரியும், காப்பிக் கொட்டை நிறத்தில் தெரியும், சில பேருக்குச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். புத்தகத்தில் அது இல்லை. நைஜீரியாக்காரப் பிள்ளை ஒன்றுக்கு முழங்கை மடிப்பு முழுக்கக் கரப்பான் வந்து தடித்துக் கிடந்தது. சிவப்பு இல்லையே என்று இளம் டாக்டர் ஒருவர் லேசானது என எழுதிவிட்டார். நான் கையுறையைப் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, இது லேசு இல்லை, பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்குகிறதா என்று அதன் அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். தூங்கி இரண்டு மாதம் ஆகிறதாம்.

அன்றிலிருந்து கறுப்போ மாநிறமோ யார் வந்தாலும் பிலோமியைக் கூப்பிடு என்றானது. பாகிஸ்தான்காரர், பிரேசில்காரர், நம் கேரளத்து நர்ஸுகள் எல்லோரும் என் கணக்கு. ஆரம்பத்தில் ஒரு தடவை, இது உடம்புச் சூட்டினால் வருகிற கட்டி என்று நான் மொழிபெயர்த்துச் சொல்லப் போய், டாக்டரம்மா தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அந்த மாதிரிச் சொதப்பலெல்லாம் போகப்போகக் குறைந்தது. மாணவிகளுக்குப் பாடம் எடுக்கவும் என்னை விட்டார்கள். பார்க்காதே, முதலில் கேள் என்பதுதான் என்னுடைய முதல் பாடம். எத்தனை நாளாக இருக்கிறது, அரிப்பா எரிச்சலா, வலி முதலில் வந்ததா தடிப்பு முதலில் வந்ததா. இந்த மூன்றையும் கேட்காமல் எவளாவது நோயின் பெயரைச் சொன்னால் வகுப்பிலேயே காய்ச்சி எடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. அதை இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

3

தோல் பிரிவில் வேலை என்று தெரிந்த நாளிலிருந்து ஊர்ச் சனமெல்லாம் எனக்குப் போட்டோ அனுப்ப ஆரம்பித்தது. காலை எழுந்து போனைத் திறந்தால் நல்வாழ்த்துச் சொல்லும் பூப்படம் ஒன்று, அதற்குக் கீழே யாருடைய அக்குளோ ஒன்று. முகம் இருக்காது, பெயர் இருக்காது. "இது என்னன்னு பாத்துச் சொல்லு" என்று ஒரு வரி இருக்கும். அக்காவின் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவிலிருந்து தலைமையாசிரியை வரை என் நோயாளிகள்தான்.

பெரும்பாலும் நாலைந்து சங்கதிதான் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகள் கன்னத்தில் வெளுப்பாகத் தேமல். வெயில் காலத்தில் வேர்க்குரு. முழங்கால் பக்கம் சிரங்கு. கழுத்தில் மிளகு மிளகாக மரு. இடுப்பில் வட்டம் வட்டமாகப் படர்தாமரை. இந்தப் படர்தாமரைதான் என் உயிரை வாங்கும். மெடிக்கல் கடையில் போய்ச் சொன்னால் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு டியூப் கொடுப்பார்கள். பூசினால் மூன்றாம் நாளே அரிப்பு போய்விடும். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, மேலே அமுக்கி வைத்துவிட்டு உள்ளே பரவவிடும். விட்டதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். வட்டத்தின் ஓரம் கலைந்து, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாது. அக்கா வீட்டுக்காரர் அந்தோணி மச்சான் இதே வேலையைச் செய்துவிட்டுத் தொடையெல்லாம் புண்ணாக நின்றபோது வீடியோவிலேயே கத்தினேன். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர் அவர், முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதிலிருந்து, பிலோமி சொன்னால் சொன்னதுதான் என்று அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஒன்று மட்டும் நான் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லுவேன். வெளுத்த திட்டு ஏதாவது இருந்து, அதில் கிள்ளினால் உறைக்கவில்லை என்றால் எனக்குப் படம் அனுப்பாதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. போட்டோவைத் தொட்டுப் பார்க்க முடியாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தப்புச் செய்தேன்.

4

போன வருஷ ஐப்பசி. அன்றைக்கு எங்கள் பிரிவில் நல்ல கூட்டம். ஒரு மணி போல ஒரு சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். ஊரில் அப்போது சாயங்காலம் ஆறரை. அக்காவின் நெற்றிப் படம் ஒன்று வந்திருந்தது. நெற்றி மட்டும்தான். தலை சீவாமல் இருந்தாள் போல, முகத்தின் மிச்சத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தாள். வலது புருவத்துக்கு மேலே கோடு போட்ட மாதிரி ஒரு கருஞ்சிவப்பு, அதன்மேல் நாலைந்து நீர்க்கொப்புளம். கூடவே இரண்டே முக்கால் நிமிஷத்துக்கு ஒரு குரல் பதிவு.

அக்காவின் குரல் பதிவு எப்படி இருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். முக்கியமானதைக் கடைசியில்தான் சொல்லுவாள். ஒத்தக்கடையில் நல்ல மழை, மேலூர் ரோட்டில் தண்ணி நிற்கிறது, தலைமையாசிரியைக்கு மாறுதல் வரும் போல, பக்கத்து வீட்டு டீச்சர் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு நிமிஷம் கேட்டேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நிறுத்திவிட்டேன்.

மழை, கோடு போட்ட கொப்புளம். எனக்கு அது போதுமாக இருந்தது. மழை விட்டதும் டியூப்லைட்டைச் சுற்றி எறும்பு மாதிரி ஒரு பூச்சி வரும். மேலே உட்கார்ந்ததைத் தெரியாமல் கையால் தேய்த்துவிட்டால் அதன் நீர் பட்ட இடமெல்லாம் கோடாக வெந்துபோகும். மதுரைப் பக்கம் மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருத்தருக்கு அது இருக்கும். நடந்துகொண்டே பதில் பேசிப் பதிந்து அனுப்பினேன்.

"பூச்சிதான்க்கா. தூக்கத்துல கசக்கிருப்ப. சோப்புப் போட்டுக் கழுவிட்டு விட்டுரு. மூணு நாள்ல காஞ்சிரும்."

அவளும் உடனே கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பினாள். நான் சாண்ட்விச்சை முடித்தேன்.

5

ஐந்தாம் நாள் மச்சான் கூப்பிட்டார். அக்காவின் வலது கண் வீங்கி மூடிக்கொண்டுவிட்டது, மதுரையில் கண்ணாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். அக்கி என்று சொல்லிவிட்டார்களாம். கண்ணுக்குள் இறங்கிவிட்டதாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வயதில் வந்த சின்னம்மை உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வயதாகி, உடம்பு அசந்த நேரம் பார்த்து ஏதாவது ஒரு நரம்பு வழியாக வெளியே வரும். அதுதான் அக்கி. முதலில் அந்த இடம் இரண்டு மூன்று நாள் எரியும், குத்தும். தோலில் ஒன்றும் தெரியாது. பிறகுதான் கொப்புளம். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும், நடுக்கோட்டைத் தாண்டாது. நெற்றியில் வந்து மூக்கு நுனிக்கும் இறங்கினால் கண்ணுக்குப் போக வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே நரம்புதான். கொப்புளம் வந்து மூன்று நாளுக்குள் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். அந்த மூன்று நாளைத்தான் காஞ்சிரும் என்று சொல்லி நான் எடுத்துக்கொண்டேன்.

போனை வைத்ததும் குரல் பதிவின் மிச்சத்தைக் கேட்டேன். இரண்டாவது நிமிஷத்தில் இருந்தது. "ரெண்டு நாளா நெத்தி ஒரு பக்கமா எரியுதுடி, சீப்ப வைக்க முடியல. இன்னைக்குத்தான் இந்தக் கொப்புளம்." என் வகுப்பில் ஒரு மாணவி இதைக் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடப் பெயரைச் சொல்லியிருப்பாள்.

ஆனால் மச்சான் போனில் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. "அன்னைக்கே சொன்னேன், பிலோமிக்கு ஒரு போட்டோ அனுப்புடின்னு. அவ வேலையா இருப்பா, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுட்டா. அனுப்பாம, காவியப் பூசிக்கிட்டு வீட்டுல உக்காந்திருந்திருக்கா. நீ பாத்திருந்தா அன்னைக்கே சொல்லிருப்ப."

அப்படியென்றால் போட்டோ அனுப்பியதையே அக்கா அவரிடம் மறைத்திருக்கிறாள். வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, எந்த வார்டு, என்ன சொட்டு மருந்து என்று விசாரித்தேன்.

காவி என்றதும் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்துவிட்டது. நம் பக்கத்தில் அக்கி வந்தால் எழுதப் போவார்கள். மண்பானை செய்கிற வீட்டுக்காரர்கள் காவி மண்ணைக் குழைத்துக் கோழியிறகால் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கமோ நாயோ எழுதிவிடுவார்கள். மூன்று நாள் எழுத வேண்டும், குளிக்கக் கூடாது. ஒத்தக்கடையில் பாக்கியம் என்று ஒரு அம்மா எழுதுவதாக அக்காவே முன்பு சொல்லியிருக்கிறாள். அந்தப் பாக்கியம்தான் நாளைக் கடத்திவிட்டாள், காவியைப் பூசி எல்லாவற்றையும் மூடிவிட்டாள் என்று மனதுக்குள் பழியைப் பங்கு பிரித்தேன். முக்கால் பங்கை அவளுக்குக் கொடுத்தேன், கால் பங்கை நான் வைத்துக்கொண்டேன்.

உடனே ஊருக்குப் போக லீவு கேட்டேன். அவசர லீவுக்கு இங்கே ஒரு படிவம் உண்டு. அப்பா, அம்மா, கணவன், பிள்ளை என்று பட்டியல். கூடப்பிறந்தவர்கள் சாகக் கிடந்தால்தான் லீவு. அலுவலகத்துப் பையன் நல்லவன், உங்கள் அக்கா உயிருக்கு ஆபத்தா என்று மெதுவாகக் கேட்டான். கண்ணுக்கு என்றேன். கண்ணுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆண்டு விடுப்பில் போகலாம், அதற்கு இரண்டு மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றான்.

6

என் மகள் எமிக்குப் பதினாறு வயது. பெரியம்மா என்றால் அவளுக்கு உயிர், ஆனால் பேசத் தமிழ் வராது. நலமா, சாப்பிட்டீங்களா என்கிற இரண்டு கேள்வியோடு போனை என்னிடம் தள்ளிவிடுவாள். அவளையும் கூட்டிக்கொண்டு போக நினைத்தேன். பாஸ்போர்ட் புதுப்பித்ததால், விசாவுக்குப் பதிலாக அவள் வைத்திருக்கிற இந்தியக் கார்டையும் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் போட்டோ ஏற்றினோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவையும் திருப்பினார்கள், படம் மாற்றப்பட்டிருக்கிறது என்று காரணம் எழுதியிருந்தது.

என்னடி செய்தாய் என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். பிறகு சொன்னாள். முகத்தில் பருக்கள் இருக்கின்றன, போனிலேயே அதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் ஏற்றினாளாம். பரு இருக்கிறதா, காட்டு பார்ப்போம் என்று கிட்டே போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா, நீ பார்க்கும்போது என்னைப் பார்ப்பதில்லை, என் தோலைத்தான் பார்க்கிறாய் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். வீட்டிலேயே தோல் நர்ஸை வைத்துக்கொண்டு என் பிள்ளை ஆறு மாதமாகக் கடையில் கண்ட களிம்பை வாங்கிப் பூசிக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கத்துவதற்கு மாடிப்படி வரை போனேன். அப்போதுதான் அக்காவின் நெற்றிப் படம் ஞாபகத்துக்கு வந்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் கார்டு வருவதற்குள் அவளுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது. நான் மட்டும்தான் போனேன்.

7

மதுரையில் இறங்கி ஒத்தக்கடை போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் நின்றாள். நெற்றியில் தழும்பு கறுத்துக் கிடந்தது. வலது கருவிழியில் பால் சிந்திய மாதிரி ஒரு வெண்மை. அந்தக் கண்ணில் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் தெரியும், கண்ணாடி போட்டாலும் தேறாது என்று சொல்லியிருந்தார்கள். நாலாம் வகுப்பு டீச்சர், ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. நோட்டை மூக்குக்குக் கிட்டே வைத்துத் திருத்துகிறாள். நான் கட்டிப்பிடித்து அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கே மச்சான் ஆரம்பித்துவிட்டார். தங்கச்சி தோலுக்கென்றே படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது, ஒரு போட்டோ அனுப்ப இவளுக்கு என்ன கேடு என்று. வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் இதே பேச்சு. அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அடுப்படிக்குப் போய்விடுவாள். நானும் பேசவில்லை. அக்காவைத் தனியாகப் பார்க்கும்போதுகூட அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை அக்கா பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்று போனாள். நான் பாக்கியம் வீட்டைத் தேடிக் கிளம்பினேன். நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிட வேண்டும், நீ கிறுக்கின காவியால் என் அக்காவுக்குக் கண் போச்சே என்று கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையை அடுக்கிக்கொண்டு போனேன். கருங்கல் சுவர் வைத்த சின்ன வீடு. வாசலில் அடுப்புக்கு வைக்கிற மண் சட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. பாக்கியத்துக்கு என் வயதுதான் இருக்கும், பஞ்சாயத்தில் தூய்மைப் பணிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தது. ரீட்டா டீச்சருக்குச் சொந்தம் என்று மட்டும் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், டீச்சருக்குக் கண் எப்படி இருக்கிறது என்று அதுவே முதலில் கேட்டது. அடுக்கிக்கொண்டு போனதை விட்டுவிட்டு, அக்கா இங்கே எப்போது வந்தாள் என்று மட்டும் கேட்டேன்.

ரெண்டாம் நாள் சாயங்காலமே வந்தாகளே, என்றது பாக்கியம். பக்கத்து வீட்டு டீச்சர் அக்கி என்று சொன்னதால் எதற்கும் இருக்கட்டும் என்று வந்திருக்கிறாள் அக்கா. பாக்கியம் விளக்கடியில் முகத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறது.

"மூக்கு நுனியில ரெண்டு இறங்கிருந்துச்சு. எங்க மாமனாருக்கு இப்படித்தான் இறங்கி ஒரு கண்ணு போச்சு. எழுதுறேன் டீச்சர், ஆனா எழுத்த நம்பிக்கிட்டு இருக்காதீக, இங்கேருந்தே பஸ் ஏறிக் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருங்கன்னு சொன்னேன். போறேன்னு சொல்லல அவுக. தங்கச்சி வெளிநாட்டுல தோலுக்குன்னே படிச்சவுகளாம்ல, அவுக பூச்சிக்கடின்னு சொல்லிட்டாகளாம். அம்புட்டுப் படிச்சவுக சொன்ன பெறகு நான் என்னத்தச் சொல்ல?"

எரிச்சல் தாங்கவில்லை, குளிர்ச்சிக்காவது எழுது என்று அக்கா கேட்டதால் கண்ணுக்குத் தள்ளி நெற்றியில் மட்டும் லேசாக எழுதிவிட்டு, மறுநாள் டீச்சர் வந்தபோது எழுத மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டது. அன்றும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்லியிருக்கிறது. எனக்கு டீ போடட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தங்கச்சி நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பங்கு பிரித்து வைத்திருந்த முக்காலும் என் தலையிலேயே விழுந்துவிட்டது.

சாயங்காலம் அக்கா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். கிட்டே போய் உட்கார்ந்து, பாக்கியம் உன்னைக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதாமே என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்தாள்.

"அவ சொன்னா. பக்கத்து வீட்டு டீச்சரும் சொன்னாக. நீ சொல்லலையே."

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லக்கா."

"கேக்கலாம்னுதான் போன எடுத்தேன். நீ சொல்லிட்ட பெறகு மறுபடி கேட்டா, அக்கா நம்மள நம்பலன்னு நெனப்பியே. அங்க நீ தனியாக் கெடந்து படிச்சு வந்தவ." பேனாவைத் திறந்துகொண்டே, "மச்சான்கிட்ட வாயத் தொறந்துராத. அவுக கண்ணுக்கு நீ பெரிய ஆளு. அப்படியே இருந்துட்டுப் போ" என்றாள்.

ஏதாவது ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் பேசியிருப்பேன். அவள் அடுத்த நோட்டை எடுத்துவிட்டாள்.

8

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, மச்சான் ஆட்டுக்கறி எடுத்து வந்து, மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு கண்ணில் பார்க்கிறவர்களுக்குத் தூரம் பிடிபடாது. டம்ளருக்கு அரை விரல் தள்ளித் தண்ணீர் மேசையில் விழுந்து என் மடியில் வழிந்தது. துணியை எடுக்க எழுந்தாள்.

மச்சானுக்கு வேகம் வந்துவிட்டது. கையில் செல்லை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் வைத்தியம் கேட்கத் தெரிந்தது, தனக்கு ஒரு போட்டோ அனுப்பத் தெரியவில்லை, காவிக்காரி வீட்டுக்குப் போகத் தெரிந்தது, இவளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள் என்று சரமாரியாக விழுந்தது. அக்கா குனிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"அக்கா போட்டோ அனுப்புச்சு மச்சான்," என்றேன். "முதல் நாளே அனுப்புச்சு. நான்தான் பூச்சின்னு சொன்னேன். ரெண்டு நாளா எரியுதுன்னு அது சொன்னத நான் முழுசாக் கேக்கக்கூட இல்ல. பாக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிருக்கு. என் பேச்சக் கேட்டுத்தான் போகாம இருந்துச்சு."

அக்கா ஏண்டி என்று மட்டும் சொன்னாள்.

மச்சான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அக்காவைப் பார்த்து, நிஜமா என்று கேட்டார். அவள் ஈரத் துணியை மடித்து வைத்தாள். "இம்புட்டு நாளா ஏசுறேனே, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல" என்றார். "ஏசுனா என்ன இப்ப" என்றாள் அவள்.

அடுத்தது எனக்கு என்று காத்திருந்தேன். மச்சானின் கோபம் எனக்குப் புதிது இல்லை. நர்ஸிங் படிக்கும்போது ஒருநாள் சினிமாவுக்குப் போய்விட்டு உசிலம்பட்டி பஸ்ஸைத் தவறவிட்டேன் என்று ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை சனத்துக்கு மத்தியில் வைத்து என்னை அரை மணி நேரம் ஏசியவர் அவர். அன்றைக்கு அவமானத்தில் அழுதேன். இன்றைக்கு அதே ஏச்சு வேண்டும் என்று இருந்தது. என் கண்ணைப் பார்த்து, படிச்ச திமிருல என் பொண்டாட்டி கண்ணக் கெடுத்துட்டியே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் வந்த மாதிரி இருந்தது. பிறகு லாட்ஜில் ஆள் வந்தால் வைத்துக்கொள்கிற முகம் ஒன்றை வைத்துக்கொண்டார்.

"விடு பிலோமி. வந்த எடத்துல எதுக்கு அதப் பேசிக்கிட்டு," என்றார். பிறகு அக்காவிடம், "அவளுக்குத் தயிர ஊத்து" என்றார்.